டெட் மேன்ஸ் ஷூஸ் (2004): ரிச்சர்டு மேல் உங்களுக்கு இரக்கம் வந்ததா?

மூணாவது ரீல்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரப் படம்தான்.

ஷேன் மெடோஸ் இயக்கியது. பேடி கான்சிடைன் நாயகன். இவர்கள் இருவரும் பால் ஃப்ரேசரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். ராணுவத்திலிருந்து திரும்பும் ரிச்சர்டு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் மலையடிவாரத்தில் இருக்கும் தன் சொந்த ஊருக்கு வருகிறான். அவனுடைய தம்பி ஆன்டனி, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பையன். ஊரில் போதைமருந்து விற்றுத் திரியும் ஒரு கும்பல் அவனை விளையாட்டுப் பொருளாக வைத்திருந்திருக்கிறது. அண்ணன் ஐந்து நாளில் ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான். அவ்வளவுதான் கதை.

இதில் என்ன புதுசு என்று கேட்பீர்கள். நம் பழிவாங்கல் படங்களில் நாயகன் கத்தி எடுப்பதற்கு முன்னாலோ நடுவிலோ ஒரு ஃப்ளாஷ்பேக் வந்துவிடும். வில்லன் செய்த அக்கிரமத்தைப் பார்த்து நம் வயிறு எரிந்து, ‘இவனையெல்லாம் விடக்கூடாதுடா’ என்று நாமே சொன்ன பிறகு அவன் வெட்டுவான். அதாவது நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொல்வான். மெடோஸ் அந்தக் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. ஆன்டனிக்கு என்ன நடந்தது என்பது கறுப்பு வெள்ளையில், புள்ளி புள்ளியாக, துண்டு துண்டாகத்தான் வருகிறது. கடைசித் துண்டு நம் கைக்கு வரும்போது கும்பலில் ஒருவனைத் தவிர எல்லோரும் செத்திருக்கிறார்கள்.

கேள்வி இதுதான்: கடைசியில் உங்களுக்கு ரிச்சர்டு மேல் இரக்கம் வந்ததா, பயம் வந்ததா?

ராக்கோழி:
தூக்கம் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே. எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று உட்கார்ந்தேன். பழிவாங்க வருகிறவனுக்கு எதிரே ஒரு வில்லன் வேண்டாமா? இந்தக் கும்பல் சீட்ரோன் 2சிவி காரில் வருகிறது. அந்தக் காரைப் பார்த்திருக்கிறீர்களா? தகர டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அதில் நான்கைந்து தடியன்கள் நெருக்கிக்கொண்டு கொலை செய்யப் போகிறார்கள். துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டால் குண்டு சொந்த ஆளையே சாய்க்கிறது. இவர்களைக் கொல்ல ராணுவப் பயிற்சி எதற்கு?

வெண்திரைவாசி:
ராக்கோழி, நீங்கள் குறை என்று அடுக்கினதெல்லாம்தான் படத்தின் பலம்.

இவர்கள் பெரிய தாதாக்கள் இல்லை. வேலைவெட்டி இல்லாமல், சின்ன ஊரில் பொட்டலம் விற்று, சோபாவில் சாய்ந்து ஆபாசப் புத்தகம் புரட்டிக்கொண்டு கிடக்கிற ஆட்கள். பேச்சைக் கேட்டால் நமக்கே சிரிப்பு வருகிறது. ஹெர்பி, டஃப், சோஸ் மூவரும் அடிக்கிற அரட்டையில் பாதி, நடிகர்கள் அந்த இடத்திலேயே பேசியது போல இருக்கும்; மெடோஸ் படம் எடுக்கும் விதமே அதுதான். இப்படிச் சிரிக்க வைத்து, இவர்களோடு நம்மையும் அதே அறையில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் அந்தக் கறுப்பு வெள்ளைத் துண்டைக் காட்டுகிறார்கள். அதில் இதே ஆட்கள் இதே சிரிப்போடு ஒரு பையனைச் சித்திரவதை செய்கிறார்கள். வில்லன் மாதிரி இருந்திருந்தால் நமக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

அந்தத் தெருச் சந்திப்பு நினைவிருக்கிறதா? முந்தின இரவு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் யாரோ சாயம் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். கும்பல் தலைவன் சன்னி, ஆட்களோடு காரில் வந்து இறங்கி, ‘நீதானா அது?’ என்று ரிச்சர்டைக் கேட்கிறான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் நாயகன் மழுப்புவான், இல்லை பஞ்ச் வசனம் விடுவான். ரிச்சர்டு ஆமாம் என்கிறான். எங்கே தங்கியிருக்கிறான் என்பதையும் மறைக்கவில்லை. குரல் உயரவில்லை, கையை ஓங்கவில்லை. ஆட்கள் எண்ணிக்கையில் சன்னி பக்கம்தான் பலம். ஆனால் பேசப் பேச சன்னி முகத்தில் இருந்த திமிர் வடிந்துபோய், இவனுக்கு உயிர் மேல் ஆசையே இல்லை என்று அவனுக்கு உறைப்பதை நீங்கள் பார்க்கலாம். இத்தனைக்கும் சன்னியாக நடித்த கேரி ஸ்ட்ரெச் நிஜமான குத்துச்சண்டை வீரர். 1991இல் கிறிஸ் யூபாங்கோடு உலகப் பட்டத்துக்கு மோதினவர். அப்படிப்பட்ட உடம்பு பயந்து பின்வாங்குவதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

பீக் மாவட்டத்தான்:
நான் டார்பிஷயரில் இருக்கிறேன். படம் எடுத்தது மேட்லாக் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும். கோடையில் மோட்டார் சைக்கிள்காரர்களும் மலை நடைக்காரர்களுமாக ஊர் நிரம்பி வழியும். பச்சைக் குன்று, கல் வீடு, ஆறு. காலண்டரில் போடுகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தக் கதையை வைத்ததுதான் மெடோஸின் சாமர்த்தியம். பிரிட்டிஷ் குற்றப் படம் என்றால் லண்டன் சந்து, இல்லை வடக்கே ஆலைப் புகை என்றே பழகிவிட்டோம். இங்கே ரிச்சர்டும் ஆன்டனியும் வயல்வெளியில், கல் வேலிகளை ஒட்டி நடந்து வருவதைப் பார்த்தால் யாரோ இரண்டு பேர் விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம்.

உச்சக்கட்டம் நடக்கும் அந்த இடிந்த கோட்டை, ரைபர் கோட்டை. கோட்டை என்று பெயர்தானே தவிர, அங்கே எந்தப் போரும் நடந்ததில்லை. 1860களில் ஜான் ஸ்மெட்லி என்கிற ஆலை முதலாளி தனக்காகக் கட்டிய மாளிகை. தண்ணீர் வைத்தியத்தால் நோய் தீரும் என்று நம்பின மனிதர்; அதற்காக மேட்லாக்கில் பெரிய விடுதியும் கட்டினார். அந்தக் கட்டடம்தான் பிற்பாடு டார்பிஷயர் கவுண்டி கவுன்சிலின் தலைமை அலுவலகமானது. கோட்டை பிற்பாடு பள்ளிக்கூடமாகி, கைவிடப்பட்டு, கூரை போய், கடைசியில் அதன் வளாகத்தில் ஒரு விலங்குப் பூங்கா இருந்தது. 2000இல் அதையும் மூடிவிட்டார்கள். படம் எடுத்தபோது வெறும் கூடுதான். ஊரில் எந்த மூலையில் நின்று நிமிர்ந்தாலும் குன்றின் மேல் தெரியும். அந்தக் கும்பலில் இருந்தவர்கள், ஆன்டனிக்குத் தாங்கள் அங்கே என்ன செய்தோம் என்பதைத் தினமும் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டேதான் கடைக்குப் போய் வந்திருப்பார்கள். இதைப் படம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே வந்து நின்றால் தெரியும்.

மல்லி டீச்சர்:
சிறப்புக் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அதனால் நான் பார்த்தது ரிச்சர்டை இல்லை, ஆன்டனியை.

டோபி கெபல் அருமையாகச் செய்திருக்கிறார். அவருக்கு இதுதான் முதல் பெரிய படம். வேறொருவர் விலகியதால் படப்பிடிப்பு தொடங்கும் நேரத்தில்தான் உள்ளே வந்தார் என்று படித்தேன், நம்பவே முடியவில்லை. இப்படிப்பட்ட பாத்திரம் கிடைத்தால் வாயைக் கோணி, கையை முறுக்கி, விருதுக்காக நடிப்பார்கள். இவர் அப்படி எதுவும் செய்யவில்லை. அந்தக் கும்பல் தன்னைச் சேர்த்துக்கொண்டதில் ஆன்டனிக்கு இருக்கிற சந்தோஷம்தான் எனக்கு வலித்தது. அவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, தன்னோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தனக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள் என்றே நம்புகிறான். எங்கள் பிள்ளைகளிடம் நான் தினமும் பயப்படுகிற விஷயம் இது. அடிக்கிறவனிடமிருந்து ஓடச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ‘வாடா நண்பா’ என்று தோளில் கைபோட்டுக் கூப்பிடுகிறவனிடமிருந்து எப்படி ஓடச் சொல்வது?

மூணாவது ரீல் கேட்டதற்கு என் பதில்: ரிச்சர்டு மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடைசியில் அவனே ஒப்புக்கொள்கிறானே, தம்பியை நினைத்து வெட்கப்பட்டேன் என்று. தம்பி உயிரோடு இருந்தபோது எங்கே போயிருந்தான்? எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன், அண்ணன் அக்காவெல்லாம் படித்து வேலைக்கு என்று வெளியூர் போய்விடுவார்கள், ‘அவனை அம்மா பார்த்துக்கொள்வாள்’ என்று. ஏதாவது ஆகிவிட்டால் ஊரையே உண்டு இல்லை என்று பண்ணுவார்கள்.

கத்தரிக்கோல்:
டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் திருப்பத்துக்கு வரவேண்டும். ஆன்டனி ஏற்கெனவே செத்துவிட்டான். எல்.எஸ்.டி. என்கிற போதைமருந்தைக் கொடுத்து, கோட்டைக்கு இழுத்துப்போய், மிரட்டி விட்டுவிட்டு வந்த இரவில் தூக்கில் தொங்கிவிட்டான். படம் முழுக்க ரிச்சர்டு பக்கத்தில் நடந்துவந்த தம்பி, ரிச்சர்டின் தலைக்குள் மட்டும் இருக்கிறவன்.

நான் எடிட்டிங் வேலையில் இருக்கிறவன். இரண்டாவது தடவை வேலைப் பழக்கத்தில் ஆன்டனி வரும் ஷாட்டுகளை மட்டும் கவனித்துக்கொண்டே போனேன். நிகழ்காலத்தில் ரிச்சர்டைத் தவிர ஒருவரும் அவனிடம் பேசுவதில்லை, அவன் பக்கம் திரும்புவதில்லை. கும்பல் எதிரே வரும்போது அவன் காட்சியில் இருப்பதில்லை. ஏமாற்று வேலை எதுவும் இல்லாமல், நாம் பார்க்காமல் விட்டதை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

தொடக்கத்தை யோசித்துப் பாருங்கள். இரண்டு சின்னப் பையன்களின் வீட்டுப் படச்சுருள் ஓடுகிறது, நடுவே இரண்டு பெரியவர்கள் வெளியில் நடக்கிறார்கள், ஸ்மாக் என்கிற அமெரிக்க இசைக்கலைஞரின் பாட்டு. அப்புறம் ரிச்சர்டின் குரல்: கடவுள் அவர்களை மன்னித்து சொர்க்கத்துக்குள் விட்டுவிடுவார், அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது என்று. முதல் தடவை அது எதிரிகளைப் பற்றிய சபதமாகக் கேட்டது. முடிவு தெரிந்த பிறகு கேட்டால், மன்னிப்பு என்கிற சங்கதியே இவனுக்குச் சுடுகிறது என்று படுகிறது. ஏனென்றால் அது தனக்கும் தேவைப்படுகிறது.

ராக்கோழி:
செத்தவன் கூடவே நடக்கிறான் என்பது இந்தப் படத்துக்கு முன்னாலேயே ஹாலிவுட் கரைத்துக் குடித்த வித்தை. 1999இன் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படத்துக்குப் பிறகு யாரும் இதைச் செய்திருக்கவே கூடாது.

கத்தரிக்கோல்:
அதில் திருப்பம் தெரிந்தவுடன் படம் முடிந்துவிடும், எழுந்து போய்விடலாம். இங்கே தெரிந்த பிறகுதான் கனமான காட்சியே தொடங்குகிறது. வித்தியாசம் அதுதான் தம்பி.

தேயிலைத்தூள்:
ராக்கோழிக்கு அந்தக் கெட்டில் காட்சியும் பிடிக்கவில்லையா?

உயிர் பயத்தில் கதவை எல்லாம் பூட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். ஜன்னல், கதவு, வாசல் எல்லாவற்றுக்கும் காவல். ஆனால் இங்கிலாந்துக்காரன் எவ்வளவு பயத்திலும் டீ போடாமல் இருப்பானா? ரிச்சர்டு கெட்டிலில் போதைமருந்தைக் கலந்துவிட்டான், அதுவும் அவர்களிடமிருந்தே திருடிய சரக்கு. குடித்த பிறகு ஒவ்வொருவனாக நிலை தடுமாறி, தரையில் படுத்துச் சிரிக்கிறான். அந்த நேரத்தில் ரிச்சர்டு சாவகாசமாக உள்ளே வருகிறான். ஆன்டனிக்கு அவர்கள் என்ன கொடுத்தார்களோ அதையே திருப்பிக் கொடுக்கிறான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. கறுப்பு வெள்ளை முழுதும் வந்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். ஒரு சூட்கேஸும் அந்தக் காட்சியில் வருகிறது, அதைப் பற்றி எழுத மாட்டேன், சாப்பாட்டு நேரம்.

வெண்திரைவாசி:
கொஞ்சம் பின்னணி போடுகிறேன், சிலர் தனிச்செய்தியில் கேட்டதால்.

மெடோஸ் ஸ்டாஃபோர்ட்ஷயரில் யூடாக்ஸிடர் என்கிற சின்ன ஊர்க்காரர். கான்சிடைன் பக்கத்திலேயே பர்டன். இருவரும் கல்லூரி நாள் நண்பர்கள். 1999இல் வந்த ‘எ ரூம் ஃபார் ரோமியோ பிராஸ்’ படத்தில்தான் மெடோஸ் அவரை முதன்முதலில் நடிகராக்கினார். இந்தப் படத்துக்கு விதை, மெடோஸின் சிறுவயது நண்பர் ஒருவர். கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகி, போதையில் விழுந்து, தற்கொலை செய்துகொண்டவர். பத்து ஆண்டு கழித்து அந்த ஊருக்குப் போனால் ஒருவருக்கும் அவரை நினைவில்லை, அதைத் தாங்க முடியவில்லை என்று மெடோஸ் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தப் படத்தின் கோபம் இங்கேயிருந்துதான் வருகிறது என்று தோன்றும். கொன்றவர்களைவிட மறந்த ஊர் மேல்.

தயாரித்தது வார்ப் ஃபிலிம்ஸ், அவர்களுடைய முதல் முழுநீளப் படம். ஷெஃபீல்டில் பிறந்த வார்ப் இசை நிறுவனத்தின் கிளை. அதனால்தான் மின்னணு இசைக்கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வின் எல்லாம் பின்னணியில் வருகிறார். கடைசிப் பகுதிக்கு எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பெர்ட்டின் ‘டி ப்ரொஃபுண்டிஸ்’, ஆழத்திலிருந்து கடவுளைக் கூப்பிடும் 130ஆம் சங்கீதம். ஒளிப்பதிவு டேனி கோஹன், பின்னாளில் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ எடுத்தவர். பத்து லட்சம் பவுண்டுகூட ஆகாத செலவு.

கரிசல் மைந்தன்:
சின்ன பட்ஜெட், நல்ல நடிப்பு, எல்லாம் சரி. ஆனால் பிரிட்டிஷ் பழிவாங்கல் படம் என்றால் எனக்கு 1971இன் ‘கெட் கார்ட்டர்’தான். அதிலும் ஒருவன் செத்துப்போன சகோதரனுக்காகச் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். இயக்குநர் மைக் ஹாட்ஜஸ், மைக்கேல் கெய்ன் நடித்த அந்தக் கார்ட்டரை ஒரு சொட்டு ஈரமில்லாதவனாக வைத்திருப்பார். நியூகாசில் முழுக்க இடிப்பும் கட்டுமானமும். கேட்ஸ்ஹெட்டில் அந்த அடுக்குமாடி கார் நிறுத்தம், அதை 2010இல் இடித்துவிட்டார்கள், அங்கேயிருந்து ஒருவனைத் தூக்கிப் போடுவான். கடைசியில் நிலக்கரிக் கழிவைத் தொட்டி தொட்டியாகக் கொண்டுபோய்க் கடலில் கொட்டும் அந்தக் கறுப்புக் கரை. கார்ட்டர் தன்னை நல்லவன் என்று ஒரு வினாடிகூட நினைப்பதில்லை. ரிச்சர்டு அழுகிறான், விளக்கம் சொல்கிறான், தன்னைத் தண்டிக்கச் சொல்கிறான். எனக்கு அந்த அழுகை கொஞ்சம் அதிகம்.

மூணாவது ரீல்:
கார்ட்டர் லண்டன் தாதாக்களின் அடியாள், கரிசல். கொலை அவனுக்குப் பிழைப்பு, அதனால் எதுவும் மாறுவதில்லை. ரிச்சர்டும் ராணுவத்தில் கொலை படித்தவன்தான், ஆனால் இது சொந்த ஊர். சின்ன வயதில் பார்த்த முகங்கள். கும்பலில் கடைசியாக மிஞ்சிய மார்க்கிடம் ரிச்சர்டு சொல்வதன் சாரம் என்ன? மிருகம் நீதான் என்று நினைத்து வந்தேன், இப்போது மிருகம் நான்தான். கார்ட்டர் வாயிலிருந்து அது வராது, வரவும் கூடாது. இரண்டும் வேறு வேறு படம்.

தேயிலைத்தூள்:
கெய்ன் பேச்சு வந்ததால் 2009இன் ‘ஹாரி பிரவுன்’. அதிலும் அவர்தான், வயதான முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். லண்டனில் ஹேகேட் குடியிருப்பில் எடுத்தார்கள், அதுவும் இப்போது இல்லை. நண்பரைக் கொன்ற பையன்களை வேட்டையாடுவார். விறுவிறுப்பாகத்தான் போகும். ஆனால் அந்தப் பையன்களுக்கு வீடோ பசியோ ஒரு நகைச்சுவையோ எதுவும் கிடையாது, தொப்பி போட்ட பேய்கள். ரிச்சர்டு கொல்கிற ஹெர்பியை எனக்குத் தெரியும், எங்கள் தெருவில் இரண்டு ஹெர்பி இருக்கிறான். ஓர் இடத்தில் ரிச்சர்டு அவனைத் திடீரென்று அசிங்கமாகத் திட்டிவிட்டு, அப்புறம் பின்னாலேயே வந்து மன்னிப்புக் கேட்பானே, அப்போது ஹெர்பி முகத்தில் வரும் நிம்மதி! பாவமாக இருந்தது.

ராக்கோழி:
சரி, ஒரு சந்தேகம், யாராவது தீர்த்து வையுங்கள். ஒரு சின்ன ஊரில் இத்தனை பேர் சாகிறார்கள். போலீஸ் எங்கே?

கத்தரிக்கோல்:
கும்பல் கூப்பிடாது. கூப்பிட்டால் வீட்டில் இருக்கிற சரக்குக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் ஆன்டனிக்கு. இவர்கள் பயந்த வரிசையில் ரிச்சர்டு இரண்டாவதாகத்தான் இருந்தான், கடைசி வரைக்கும். ஐந்தே நாள் என்பதும் உதவுகிறது. ஆறாவது நாள் என்று ஒன்று இருந்திருந்தால் நீங்கள் கேட்பது நியாயம்.

மல்லி டீச்சர்:
யாருமே மரீயைப் பற்றிப் பேசவில்லை. மார்க்கின் மனைவி. கும்பலை விட்டு விலகி, இரண்டு ஆண் பிள்ளைகளோடு ஒழுங்காக வாழ்கிற ஒருவனைத்தான் இவள் கட்டியிருக்கிறாள். பழைய கதை ஒன்று வாசலில் வந்து நிற்கும்போதுதான் புருஷன் வாயைத் திறக்கிறான், ஒரு பையன் இருந்தான், ஆன்டனி என்று. ஜோ ஹார்ட்லி அந்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. எதிரில் இருப்பவன் யார் என்று புதிதாகப் பார்க்கிறாள், அவ்வளவே. மார்க் கைகளால் எதுவும் செய்யாமல் இருந்திருக்கலாம், ஆனால் அங்கே இருந்தான், தடுக்கவில்லை. மற்றவர்களைவிட எனக்கு அவன் மேல்தான் மனசு ஆறவில்லை. ஏனென்றால் அவன் ஒருவனுக்குத்தான் அது தப்பு என்று அப்போதே தெரியும்.

கரிசல் மைந்தன்:
அதனால்தான் ரிச்சர்டு அவனை விட்டுவிட்டான் டீச்சர். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மனசு இளகிவிட்டது. அந்த ஒரு இடத்தில் மட்டும் படம் கருணை காட்டுகிறது.

மூணாவது ரீல்:
விட்டுவிட்டானா? கோட்டைக்கு இழுத்துப்போய், கத்தியை அவன் கையில் திணித்து, என்னைக் குத்து என்று குத்த வைக்கிறான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தடுக்காமல் நின்றவனை, கடைசியில் கொலையும் செய்ய வைத்துவிட்டான். அந்த ரத்தத்தோடுதான் மார்க் வெளியே நடந்து போகிறான். சும்மா நின்றவன் என்கிற சால்ஜாப்பும் இனி அவனுக்குக் கிடையாது. இதைக் கருணை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கரிசல் மைந்தன்:
செத்துப்போக ஆசைப்பட்டவனுக்கு உதவி செய்தான் என்றுதான் நான் பார்த்தேன். ரிச்சர்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆன்டனி விஷயத்தில் குற்றவாளிப் பட்டியலில் கடைசிப் பெயர் அவனுடையது. அதை அவன் கையால் அடிக்க முடியவில்லை, மார்க்கைக் கொண்டு அடிக்கிறான். உயிரோடு விட்டானே, பிள்ளைகளுக்கு அப்பா மிஞ்சினானே, அதுவே பெரிசு.

ராக்கோழி:
இப்போதுதான் எனக்கு ஏதோ சுவாரசியம் தட்டுகிறது. நான் போலீஸ் கேட்டபோது எல்லோரும் சிரித்தீர்கள். கத்தரிக்கோல் சொன்ன ஆறாவது நாளுக்கு வாருங்கள். ஊரில் ஒரு வீடு நிறையப் பிணம். கோட்டையில் இன்னொரு பிணம், அதில் குத்திய கத்தியில் மார்க்கின் கைரேகை, அவன் சட்டையில் ரத்தம். அந்தக் கும்பலில் பழைய ஆள் வேறு. ரிச்சர்டுதான் எல்லோரையும் கொன்றான், என்னையும் குத்த வைத்தான் என்று மார்க் சொன்னால் எந்த ஜூரி நம்பும்? சாட்சி சொல்ல ஒருத்தன் உயிரோடு இல்லை. ஐந்து நாள் ஒவ்வொரு அடியையும் கணக்குப் பார்த்து வைத்த ராணுவக்காரன், இதை மட்டும் யோசிக்காமலா கத்தியை அவன் கையில் கொடுத்திருப்பான்?